மனக்காயம் ஆற்றச் சில குறுக்குவழிகள்

மனக்காயத்துக்குச் சிகிச்சை தரும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிறீர்களா? முதலில் நாற்காலிகளைக் கவனியுங்கள். உங்களுடையது சுழல் நாற்காலியாக இருக்கட்டும். வருபவருடையதைக் கதவுக்கு முதுகு காட்டும்படி போடுங்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். அதைப் ‘பதற்றம்’ என்று குறித்துக்கொள்ளலாம். எங்கே உட்கார வசதி, கதவு திறந்திருக்கட்டுமா என்றெல்லாம் கேட்டுவைக்காதீர்கள். ஒன்றைக் கேட்டால் அடுத்ததையும் கேட்பீர்கள் என்று எதிர்பார்ப்பார்.

உட்கார்ந்ததும் நேரே விஷயத்துக்கு வாருங்கள். “என்ன நடந்தது? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.” அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியான தன் நூலில் மூன்று கட்டங்கள் வகுத்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைத்து அழுது தீர்ப்பது, அதன்பின் மனிதர்களோடு மறுபடி சேர்வது. முதல் கட்டத்திலேயே மாதக்கணக்கில் ஓடிவிடும். தூக்கம் வருகிறதா, அடித்தவன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறானா, ராத்திரி பயந்தால் கூப்பிட யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் கதையை எப்போது கேட்பது? ஹெர்மன் இன்னொன்றும் சொல்கிறார். வதைபட்டவரிடமிருந்து பறிபோனது தன் வாழ்க்கையின் மீது தனக்கிருந்த பிடி. அதை மறுபடி பறிக்கும் உதவி, எத்தனை நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஆற்றாது என்கிறார். நல்லெண்ணத்திலேயே குறை காண்பவரை நாம் ஏன் படிக்க வேண்டும்?

வரலாறும் வேண்டாம். 1970இல் நியூயார்க்கில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிப் போரையே எதிர்த்த சிப்பாய்கள், ராபர்ட் ஜே லிஃப்டன், காய்ம் ஷாட்டான் என்ற மனநல மருத்துவர்களைத் தங்களோடு உட்கார்ந்து பேச அழைத்தார்கள். அரசு மருத்துவமனைகள் மீது அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே கூட்டம் சிப்பாய்களின் சங்க அலுவலகத்தில் நடந்தது. மருத்துவர்களையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். இப்படி மரியாதை தெரியாமல் பேசிய பேச்சும் ஒரு காரணமாகத்தான், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் மனக்காயத்தால் வரும் பி.டி.எஸ்.டி. என்ற நோய் இடம்பிடித்தது. நோயாளிகளிடம் பாடம் கேட்டுத் துறை வளர்ந்தது என்று வெளியே தெரிந்தால் நம் சான்றிதழுக்கு என்ன மதிப்பு!

அவசரக்காரர்களுக்கு ஒரே அமர்வு முறை இருக்கிறது. விபத்தோ வெள்ளமோ முடிந்த கையோடு, பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டி உட்காரவைத்து, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எல்லாவற்றையும் சொல்லவைத்து அனுப்பிவிடுவது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையில் வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து குவிந்தார்கள். அந்தக் கரையில் சிலருக்கு அப்போது படகும் வலையும் இன்னும் கரை சேராத உடல்களும்தான் கவலை. ‘உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?’ என்று கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பார்கள். கேட்காதிருப்பதே சிக்கனம். புதிதாக அடிபட்டவர்களுக்கு இந்த முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது உண்மைதான். நிறுவனங்கள் அப்படித்தான் எதையாவது சொல்லும்.

அடுத்து, கைச் சைகை. கண்ணசைவைக் கொண்டு செய்யும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையில், தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்ல ஒரு சைகையை முதலிலேயே பேசிவைப்பார்கள். கை எழுந்தால் சிகிச்சையாளர் நிற்பார். நினைவை எதிர்கொள்ளவைக்கும் இன்னொரு சிகிச்சையில், பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறுவரை மதிப்பெண் போடுபவரும் வந்தவரே. எதை முதலில் எதிர்கொள்வது என்ற பட்டியலை இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியும் எதிராளி நிறுத்தாத ஓர் இரவிலிருந்து வந்தவரிடம், இங்கே நீ கை தூக்கினால் நிற்கும் என்று காட்டுகிறது அந்தச் சைகை. பாதிச் சிகிச்சை அந்த ஒரு நிமிடத்திலேயே நடந்துவிடும். மீதிப் பாதிக்கு மட்டும் கட்டணம் வாங்கிக் கடை நடத்த முடியுமா? அழுகை பெருகும்போது, “இன்னும் கொஞ்சம்தான், சொல்லிடுங்க” என்று தொடருங்கள்.

ஐம்பதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த வாரம் இதே நேரம் என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள். அவர் வரமாட்டார். கோப்பில் ‘சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்தவரை உள்ளே அழைக்கலாம்.