இரண்டெழுத்துச் சாவி

1999 ஆகஸ்டில் ஹாட்மெயிலைத் திறக்க யாருடைய கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் 'இ', 'எச்' என்று இரண்டெழுத்து தட்டினால் போதும், எந்தக் கணக்கும் திறந்துகொள்ளும். பிறந்தநாள், நாய்க்குட்டி பெயர், மனைவிக்குத் தெரியாத பெயர் என்று கோடிக்கணக்கானோர் மண்டையைக் குடைந்து வைத்த சொற்களெல்லாம் வாசல் தோரணமாகிப் போயின. மைக்ரோசாஃப்ட் இந்த மின்னஞ்சல் சேவையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சேவையைச் சில மணி நேரம் நிறுத்தி ஓட்டையை அடைத்தார்கள்.

அது பழைய கதை என்பவர்களுக்கு 2025 ஜூன். பல்கலைக்கழகங்களும் அரசு அலுவலகங்களும் நம்பியிருக்கும் ரவுண்ட்கியூப் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் ஓர் ஓட்டை பத்தாண்டாக வாடகை இல்லாமல் குடியிருந்தது தெரியவந்தது. அதன் வழியாகச் சர்வரில் நினைத்ததை ஓட்டலாம். ஆனால் முதலில் ஒழுங்காகக் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வர வேண்டும். மரியாதை தெரிந்த ஓட்டை! மூலநிரல் ஊரறியத் திறந்து கிடந்தது. ஆயிரம் கண்கள் பார்க்கும் என்பார்கள். பார்த்திருக்கும், யாரோ சரிசெய்வார்கள் என்று போயிருக்கும். திருத்தம் வந்த பிறகும் பல்லாயிரம் சர்வர்கள் பழைய பதிப்பிலேயே ஓடின.

பயனருக்கு மட்டும் வழக்கமான அறிவிப்பு தவறாமல் வருகிறது: உங்கள் கடவுச்சொல் பலவீனமானது, ஓர் எண்ணும் ஒரு குறியீடும் சேர்க்கவும்.