இன்னும் ஒரே ஒரு ரிவ்யூ

"நல்லா பாத்துட்டு வாங்கணும் சார்" என்று சொல்லிச் சொல்லியே எதையும் வாங்காத மனிதர், சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அபார்ட்மெண்டுக்கு ஒருவர் வீதம் இருக்கிறார். உங்கள் அபார்ட்மெண்டில் இல்லையென்றால் சொல்லுங்கள், எங்களுடையவரை அனுப்பிவைக்கிறேன். இரண்டாவது மாடியில் இருக்கிறார். அவருக்கு நேர் கீழ் வீடு என்னுடையது.

ஹெல்மெட் வாங்கிய கதை, வாட்டர் பியூரிஃபையர் வாங்காத கதை எல்லாம் இருக்கட்டும். இப்போது நடப்பது ரோயிங் மிஷின். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, உடம்பை அசைங்க என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை இவராகச் சேர்த்துக்கொண்டார். நடந்தால் முட்டி தேயும், ஓடினால் தெருநாய் துரத்தும், ஆகவே உட்கார்ந்தபடியே படகு வலிக்கிற மிஷின். வெறுமனே இழுத்தால் போரடிக்கும், ஆகவே கேம் உள்ள மிஷின்.

அன்றிலிருந்து எனக்கு லிஃப்ட் கிடையாது. படியேறித்தான் போகிறேன். லிஃப்டில் மாட்டினால் கதவு மூடுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"கான்செப்ட் டூ பாருங்க சார். அமெரிக்காவுல வெர்மாண்ட்டுல ரெண்டு அண்ணன் தம்பி, டிரைசிகாக்கர்னு. 1981-ல சைக்கிள் சக்கரத்தை வச்சே முதல் மிஷினைப் பண்ணிட்டாங்க." ஏதோ சொந்தச் சித்தப்பா பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற பெருமை அந்தக் குரலில் இருக்கும். "காத்தாடி சுத்துற காத்துதான் பாரம். பிளக்கே வேண்டாம், மானிட்டருக்கு ரெண்டு பேட்டரி போதும். நம்ம ஏரியாவுல தூறல் விழுந்தாலே கரண்ட் போகுது, அதுக்கு இதுதான் சார் கரெக்ட்."

"அப்ப வாங்கிடுங்க சார்."

"எங்க சார், அதுல கேம்னா மீன் விளையாட்டு. கருப்பு வெள்ளைல ஒரு சின்ன மீன். வேகமா இழுத்தா மேல போகும், கை தளர்ந்தா கீழ இறங்கும். குட்டி மீனைத் தின்னணும், சுறாகிட்ட சிக்கக்கூடாது. ஐம்பத்தஞ்சு வயசுல நான் மீனா சார்?"

ஆகவே எர்காட்டா. மரச் சட்டம், தண்ணீர்த் தொட்டி, முன்னால் பெரிய டச் ஸ்கிரீன், கலர் கலராகப் பந்தயம். வாட்டர்ரோயர் என்கிற பழைய கம்பெனியின் மிஷின்மீது கேமை ஏற்றியிருக்கிறார்கள். இழுக்க இழுக்கத் தொட்டியில் தண்ணீர் சளசளக்கும், அது மனசுக்கு இதம். ஆனால் அந்தத் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பதில் ஒரு மாதம் போயிற்று. போர் தண்ணி உப்பு, லாரித் தண்ணிக்கு நம்பிக்கை இல்லை. கடைசியில் கேன் தண்ணி என்று முடிவு. தொட்டிக்குச் சுமார் 17 லிட்டர், கேன் 20 லிட்டர், மிச்சம் 3 லிட்டர் காபிக்கு ஆகும் என்று அதையும் எக்ஸெல்லில் போட்டுவிட்டார். பாசி பிடிக்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குளோரின் மாத்திரை போட வேண்டும். அதற்குத் தனிக் கட்டம்.

டொராண்டோக்காரர்களின் அவிரான் இன்னொன்று. காற்றும் உண்டு காந்தமும் உண்டு, கேமுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மாதச் சந்தா, அதுவும் டாலரில். இவர் அதைப் பதினைந்து வருடத்துக்குக் கூட்டி, வந்த தொகைக்கு ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியும் போட்டு, என்னிடம் காட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எர்காட்டாவுக்கும் அவிரானுக்கும் தாம்பரத்தில் ஷோரூம் கிடையாது, கப்பலில்தான் வர வேண்டும் என்பது அவரை ஒரு துளியும் அசைக்கவில்லை. எனக்கென்னவோ, அதனால்தான் அந்த இரண்டின் மேல் அவருக்கு அத்தனை பிரியம். கடையில் கைக்கெட்டுகிற பொருளை வாங்கித் தொலைக்க வேண்டி வந்துவிடுமே.

அவர் வீட்டு ஹாலை நீங்கள் பார்க்க வேண்டும். கான்செப்ட் டூ எட்டடி நீளம், இரண்டடி அகலம். அந்த அளவுக்கு ஆங்கிலப் பேப்பரைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் செலோ டேப் ஒட்டியிருக்கிறார். எர்காட்டா ஏழடிக்குக் கொஞ்சம் கூட. அதற்குத் தினத்தந்தி, ஜன்னல் ஓரமாக. அவிரானுக்கு இடமில்லாததால் அது பாதி சோபாவுக்கு அடியில் போகிறது. விருந்தாளிகள் இந்த மூன்றையும் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வேலைக்கு வரும் அம்மா பெருக்கும்போது, "மிஷின் மேல மிதிக்காதீங்கம்மா" என்று குரல் வருகிறது. அந்த அம்மாளும் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார். தீபாவளிப் பலகாரத்தோடு போன நானும் தாண்டித்தான் போனேன், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் மனைவிக்கு இந்த மிஷின் வகையறாவே பிடிக்கவில்லை. காரணம் நியாயமானது. "ட்ரெட்மில்லுன்னா கைப்பிடியில நாலு துணியாவது காயப்போடலாம். இது தரையோட தரையாக் கிடக்கு, இதுல ஒரு கர்ச்சீப்புகூடப் போட முடியாது" என்கிறார். டாக்டர் அவரையும்தான் அசையச் சொன்னார். அவர் மறுநாளே பழைய செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போய்விட்டார், சர்க்கரையும் இறங்கிவிட்டது. "அதுல டேட்டா இல்லையே" என்பது இவர் கருத்து.

படகு வலிப்பதன் வரலாறும் இவருக்கு அத்துபடி. அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-லேயே வந்துவிட்டது, கொழும்புக்காரர்களோடு 1898-லிருந்தே போட்டி என்று மூச்சுவிடாமல் சொல்வார். அதே அடையாறு 2015 டிசம்பரில், இவர்கள் அப்போது குடியிருந்த முடிச்சூருக்குள் வந்தது. கீழ் வீடு முழுக்கத் தண்ணீர், எல்லோரும் மொட்டை மாடியில். மீனவர்கள் படகைக் கொண்டுவந்து மாடிச் சுவரோரம் நிறுத்தி, ஏறுங்க சார் என்றிருக்கிறார்கள். "கொஞ்சம் இருங்க, பின்னாடி ஒரு ரப்பர் போட் வருது, அதையும் பாத்துடலாம்" என்றாராம் இவர். மனைவி இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. இவரும் கூடச் சிரித்துவிட்டு, "ரப்பர் போட்டுல ஸ்டெபிலிட்டி ஜாஸ்தி" என்று முடித்தார். அந்த இடத்தில் மட்டும் எனக்கு இவரைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

பிடித்தது நிலைக்கவில்லை. கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்குமா என்பது அவருடைய பட்டியலில் ஒரு கட்டம். நல்லவர்தான், அண்டை வீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார். அதற்காக யூடியூபில் கான்செப்ட் டூ இழுக்கிற வீடியோவை முழு வால்யூமில் வைத்து, ஸ்பீக்கரைத் தரையோடு தரையாகக் கவிழ்த்துவிட்டு, இரவு பத்தரைக்கு எனக்குப் போன் பண்ணுகிறார். "கேக்குதா சார்?" கேட்கிறது. "இப்ப வாட்டர்ரோயர் போடறேன், இது எப்படி?" இதுவும் கேட்கிறது. மறுநாள் பாய் விரித்துப் பரிசோதனை, அதற்கடுத்த நாள் ரப்பர் மேட். வாங்கிய மிஷினால் தூக்கம் கெட்டவர்கள் ஊரில் உண்டு. வாங்காத மிஷினால் தூக்கம் கெட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்கிற மனிதர் பதிலையும் கேட்க வேண்டாமா? கான்செப்ட் டூ என்றால், ஏன் கூடாது என்று அரை மணி நேரம். எர்காட்டா என்றால், அதற்கும் அரை மணி நேரம். இதற்கு நான் எதற்கு? இதில் இன்னொரு கொடுமை, எதிர் வீட்டுப் பையன் தன் பாட்டுக்கு ஒரு சாதாரண எக்ஸர்சைஸ் சைக்கிள் வாங்கப் போனவனை நிறுத்தி, பட்டியலை அனுப்பி, அவனையும் யோசிக்க வைத்துவிட்டார். இப்போது அந்தப் பையனும் எனக்கு லிங்க் அனுப்புகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியிலேயே மடக்கிவிட்டார். "முடிவு பண்ணிட்டேன் சார்" என்றதும் எனக்குக் கை நடுங்கியது. எந்த மிஷின் சார்?

"மிஷின் இல்ல சார். ஹால் பத்தல, அதான் பிரச்சினையே. முதல்ல பெரிய ஹாலா ஒரு வீடு பாத்துடலாம், மிஷின் அப்புறம். பெருங்களத்தூர்ல ஒண்ணு இருக்கு, ரெண்டு தெரு தள்ளி ஸ்டேஷன், இங்கேருந்தும் கிட்டக்க, அடிக்கடி வந்து உங்களைப் பாக்கலாம். மாம்பாக்கத்துல ஒண்ணு இருக்கு, ரொம்ப தூரம். நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"மாம்பாக்கம்" என்றேன். "தண்ணி, காத்து, ஹால் எல்லாம் அங்கதான் சார். இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துடுங்க, வேணும்னா வண்டி நான் எடுக்கறேன்."