ஜே.ஜே.யும் ஒன்றரை மடங்கு வேகமும்

எண்பதுகளில் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ கண்ணில் பட்டால் விடக்கூடாது. சிலர் படிக்க வாங்குவார்கள். சிலர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அட்டை வெளியே தெரிய டவுன்ஹால் வரை நடக்க வாங்குவார்கள். எங்கள் செட்டில் இரண்டாவது கட்சிக்கே ஆள் அதிகம்.

சுந்தர ராமசாமியின் அந்த நாவலை க்ரியா 1981இல் வெளியிட்டது. கதை என்று ஒன்று ஓடாது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனைப் பற்றி கதைசொல்லி பாலு திரட்டிய சங்கதிகள், பிறகு ஜே.ஜே.யின் நாட்குறிப்பு, கடைசியில் அனுபந்தம். அப்படி ஒரு எழுத்தாளன் உலகத்திலேயே கிடையாது. ஆனால் ஆல்பெர் காம்யு செத்த மறுநாள், 1960 ஜனவரி 5இல் அவனைச் சாகடித்து, சரித்திரத்தில் சு.ரா. இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் அதை நம்பி, காமராஜருக்கும் நேருவுக்கும் நடுவே சொருகி வைத்திருந்தார்.

“மலையாளத்துக்காரரு வரலாறுங்க தம்பி. பாலக்காட்டு பஸ்ஸுக்குப் போறவங்க யாராச்சும் வாங்குவாங்கன்னு வெச்சிருக்கறனுங்க.”

அவரைக் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்தவர்களே, ஜே.ஜே. என்பது நாடகாசிரியர் சி.ஜே. தாமஸ்தானோ என்று துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாங்கிய பிரதியில் முந்தைய சொந்தக்காரர் பென்சில் கோடு போட்டிருந்தார். ஆரம்பத்தில் வரிக்கு வரி. போகப் போகப் பக்கத்துக்கு ஒன்று. நாட்குறிப்பு தொடங்கும் முன்பே பென்சில் நின்றுவிட்டது. அதற்கப்பால் தாளெல்லாம் புது மொடமொடப்பு. அதனால் என்ன? ஜே.ஜே. பற்றிப் பேச அந்தக் காலத்தில் அவ்வளவு படித்திருந்தாலே தாராளம்.

இப்போது காலச்சுவடு பதிப்பு இருக்கிறது. போதாததற்கு ஒலிப்புத்தகமும் வந்துவிட்டது. அண்ணன் மகன் பொள்ளாச்சிக்குக் காரில் போகும்போது கேட்கிறான். முன்பாவது ஆத்துப்பாலம் நெரிசலில் நாலு பக்கத்துக்கு அவகாசம் கிடைத்திருக்கும். 2024இல் மேம்பாலம் திறந்து அதையும் கெடுத்துவிட்டார்கள்.

“எப்படிடா இருக்குது?”

“நல்லாத்தானுங்க சித்தப்பா இருக்குது. ஒன்றரை ஸ்பீடுல வெச்சா இன்னும் நல்லாருக்குதுங்க.”

சு.ரா. இழைத்து இழைத்து எழுதிய வாக்கியங்கள் ஈச்சனாரி தாண்டுவதற்குள் அத்தியாயக் கணக்கில் தீர்ந்துவிடுகின்றன.

நானும் கேட்டுப் பார்த்தேன். எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் வாரும் இடங்கள் காதில் விழும்போது இன்னும் சுருக்கென்று இருக்கின்றன. குரலுக்கென்றே எழுதியது போல. நாட்குறிப்புப் பகுதிதான் தகராறு. ஒரு வரி படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிய எழுத்து அது. வாசிக்கிறவர் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அனுபந்தத்தையும் அவர் அதே பாவத்தோடு வாசிக்கக் கேட்ட பையன், ஜே.ஜே. எழுதிய புத்தகங்களைப் போனில் தேடிவிட்டு, “எல்லாம் அவுட் ஆஃப் பிரிண்டுங்களா?” என்றான்.

நாவலில் ஒரு காட்சி. பாலு தமிழன் என்று தெரிந்ததும், கல்கியின் சிவகாமி சபதத்தை முடித்துவிட்டாளா என்று ஜே.ஜே. குத்தலாக விசாரிப்பான். நம்முடைய இலக்கிய ரசனைக்கே விழுந்த அடி அது. பையன் நாவலைக் கேட்டு முடித்ததும், அடுத்து இதைக் கேளுங்கள் என்று போன் சிபாரிசு செய்தது ‘சிவகாமியின் சபதம்’. உடனே இறக்கிக்கொண்டான். அதை மட்டும் சாதாரண வேகத்திலேயே கேட்கிறானாம்.