பதினேழு லிட்டர் நம்பிக்கை

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் பெட்ரோல் டேங்க் 17 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 30 கி.மீ. என்றால் 510 கி.மீ.; காகிதத்தில் ஏற்றமே கிடையாதல்லவா! போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறுகையில், இரண்டாம் கியரின் முனகலில் அந்த 30 இளைத்துப்போகிறது. டேங்கின் அடியில் பம்புக்கு எட்டாத பெட்ரோல் வேறு: காசு கொடுத்தது, ஆனால் எரியாதது. பழைய வண்டிகளில் ரிசர்வுக்குத் திருப்ப ஒரு குமிழாவது இருந்தது; இன்ஜெக்‌ஷன் வண்டியில் எச்சரிக்கை விளக்கோடு சரி. பம்ப் குளிர்வதும் பெட்ரோலில்தான். கடைசிச் சொட்டுவரை ஓட்டும் வீரம் அதற்கு ஆகாது. இதே மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி தொலைதூர விண்மீன் மண்டலங்களைக் காட்டும். பெட்ரோல் பங்க் அதன் ஆய்வுப் பொருளல்ல. இறக்கத்தில் திராட்டிலை மூடினால் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலை நிறுத்திவிடும். ஏற்றத்தில் தின்றதற்கு அது வட்டிக்கும் காணாது.