மருத நிலத்தில் மலைச் சைக்கிள்: பிரம்மதேசத்தை முன்வைத்து ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

ஆய்வெல்லை

தமிழ்நாட்டில் பிரம்மதேசங்கள் பல. அம்பாசமுத்திரத்துக்கு அருகில் ஒன்று உண்டு. செய்யாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. முதலாம் ராஜேந்திர சோழன் உயிர் நீத்த இடமாக வரலாற்றாசிரியர்கள் காட்டுவது அதைத்தான். விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு. ஒன்று திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில். இன்னொன்று எண்ணாயிரத்தை ஒட்டி. இக்கட்டுரை பின்னதைப் பற்றியது. முன்னதில் வாழ்வோர் தங்கள் சைக்கிள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இந்தப் பிரம்மதேசத்தில் பாடலீசுவரர், பிரம்மபுரீசுவரர் என்று சோழர் காலக் கோயில்கள் இரண்டு இருக்கின்றன. பக்கத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திரன் காலத்தில் பெரிய வேதக் கல்லூரி ஒன்று நடந்தது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர், அவர்களுக்கு அளக்கவேண்டிய நெல் இவ்வளவு என்று கல்வெட்டு துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறது. இத்தனை பேரும் எதில் வந்து போனார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. இல்லாத சான்றிலிருந்து முடிவு கட்டுவது ஆய்வுலகில் வழக்கம்தான் என்பதால், நடந்தே வந்தார்கள் என்று கொள்க. அந்தக் குறை தீர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியபோதுதான் ராஜேந்திரன் விட்டுவைத்த அறக்கட்டளை நிறைவெய்தியது.

மலை என்பது யாது?

மலையேறும் சைக்கிள் குறிஞ்சிக்கு உரிய கருப்பொருள். பிரம்மதேசமோ ஏரியும் நெல்லும் கரும்பும் கொண்ட மருதம். குறிஞ்சி வண்டிக்கு மருதத்தில் என்ன வேலை என்ற வினா எழும். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மயங்கக் கூடா என்கிறது தொல்காப்பியம். ஆகவே ஊரை மலையாக்க நமக்கு அதிகாரமில்லை. மலையின் இலக்கணத்தை மாற்றும் அதிகாரம் மட்டும் ஆய்வாளருக்கு உண்டு.

எங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளவேண்டி வருகிறதோ, அது மலை.

இந்த இலக்கணப்படி ஏரிக்கரை ஏற்றம் ஒரு மலை. நான்குவழிச் சாலையைத் தாண்டும் மேம்பாலம் ஒரு மலை. ஒவ்வொரு ஊரும் தன் பெருமைக்குத் தக்க உயரத்தில் தானாகவே போட்டுக்கொண்ட வேகத்தடைகளை மலைத்தொடர் எனலாம். கரும்பு ஏற்றிய டிராக்டர் மழைக்காலத்தில் போன வண்டிப்பாதை, கோடையில் காய்ந்தபின், பள்ளத்தாக்கு. உண்மையான மலைகளும் தொலைவில் இல்லை. ராஜசிம்ம பல்லவன் கோயில் எடுத்த பனைமலை பக்கத்தில்தான். செஞ்சி ராஜகிரி 800 அடி உயரத்துக்கு நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் ராஜகிரிக்கு ஏறுவது படிக்கட்டு. அங்கே சைக்கிள் மனிதன்மேல் ஏறுமேயொழிய மனிதன் சைக்கிள்மேல் ஏற முடியாது. எனவே செஞ்சியை நம் இலக்கணம் மலையாகவே கருதவில்லை; இதனால் செஞ்சிக்கு இழுக்கில்லை.

மாரின் பாடமும் மண்டகப்பட்டுப் பாடமும்

மலைச் சைக்கிள் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில் பிறந்தது என்பது உலக வழக்கு. 1970களில் அங்கிருந்த இளவட்டங்கள் சிலர், 1930களிலும் 40களிலும் வந்த ஷ்வின் கம்பெனியின் கனத்த பழைய சைக்கிள்களைக் குப்பையிலிருந்தும் கொட்டகைகளிலிருந்தும் பொறுக்கினார்கள். மட்கார்டு, செயின் கவர், அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். வண்டியை மலைமேல் ஏற்றி உருட்டி விட்டார்கள். 1976 அக்டோபர் 21-இல் முதல் பந்தயம். அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துப் பின்சக்கரத்துக் கிரீஸ் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்கவேண்டி வந்ததால் அந்தப் பெயர். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஃபிரேம் கட்டினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்று கடைக்கே கொண்டுவந்துவிட்டது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்.

இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று உலகம் கொண்டாடுவதில் நமக்கு மறுப்பில்லை. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. பழைய ஃபிரேமில் வேறு வண்டியின் போர்க்கு, மூன்றாவது வண்டியின் சக்கரம், செத்துப்போன ஒருவருடைய சீட்டு என்று பூட்டி ஓட்டுவதற்குத் தென்னாற்காட்டில் யாரும் பந்தயம் வைத்ததில்லை. அதன் பெயர் ‘ஓவராயில்’. சைக்கிள் கடை உள்ள ஊரிலெல்லாம் அது ஆண்டுக்கொருமுறை நடந்தது. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட வண்டிகளில் ஒன்றுகூடத் தொழிற்சாலையில் பிறந்த உருவத்தில் இருந்ததில்லை. பால்காரர் வண்டிக்குப் போர்க்கோடு கூடுதல் கம்பி, கோலமாவுக்காரர் வண்டிக்கு அகலக் கேரியர், ஐஸ்காரர் வண்டிக்கு முன்னால் தொங்கும் மணி: அவரவர் தொழிலுக்கு அளவெடுத்துச் செய்தவை.

இதற்கு இன்னும் பழைய முன்னோடியும் இதே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறார். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, ஆனாலும் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டுப் பாறையில் எழுதிவைத்த மகேந்திரவர்மன். ஒன்றைச் செய்தபின் எதையெல்லாம் வாங்காமல் செய்தோம் என்று பட்டியல் போடும் குணம் அன்றே தொடங்கிவிட்டது. தன் கையால் சைக்கிள் பூட்டிய எவரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

பொருள்வயிற் பிரிவு

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வண்டி, பையன் கல்லூரிக்குப் போனதும் மாட்டுக் கொட்டகையில் கைவிடப்பட்ட எம்டிபி என்னும் மலைச் சைக்கிள். கோழி முட்டையிட்ட தடயம் சீட்டுக்கடியில் கிடைத்தது. சைக்கிள் கடைக்காரர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இத இன்னாத்துக்கு சார் தூக்கியாந்தீங்க? இரும்புக் கடைக்குப் போற வழியில இங்க நின்னீங்களா?”

“இல்லண்ணே, ஓட்டப் போறேன்.”

அவர் ஃபிரேமை நகத்தால் சுண்டினார். ஓசையைக் கேட்டார். “ஃபிரேம் நல்லா கீது” என்றார். ஆய்வுக்கு நெறியாளர் ஒப்புதல் கிடைத்தது.

பிறகு தொடங்கியது பொருள்வயிற் பிரிவு. சங்கத் தலைவன் பொருள் தேடிப் பாலைவழி போனான். நம் தலைவன் பொருள்கள் தேடி விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் பேருந்தில் போனான். “ஒரு பழைய வண்டிக்கு எத்தன வாட்டிங்க பாண்டிக்குப் போவீங்க?” என்ற தலைவியின் கூற்று மருதத்துக்குரிய ஊடல். இடமும் உரிப்பொருளும் இவ்வளவு பொருந்தி வருவது அரிது.

தேடியதில் மிகப் பெரிய இடர் டயர். கணக்கில் ஒன்றரையும் 1.5-உம் ஒன்று. சைக்கிளில் அப்படியில்லை. 26-க்கு 1½ என்று பின்னத்தில் எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 584 மில்லிமீட்டர். 26-க்கு 1.5 என்று தசமத்தில் எழுதியதற்கு 559. பெண்கள் சைக்கிளில் வரும் 26-க்கு 1⅜ டயருக்கோ 590. மூன்றும் ‘இருபத்தாறு’தான், ஒன்று மற்றொன்றில் ஏறாது. பின்னமும் தசமமும் மதிப்பில் சமமானால் அந்த டயர்கள் நிச்சயம் மாற்றிப் போட உதவாது என்று அமெரிக்காவின் ஷெல்டன் பிரவுன் ஒரு விதியே வகுத்தார். 2008-இல் காலமான அவரைச் சைக்கிள் உலகம் உரையாசிரியர்களுக்கு நிகராக மதிக்கிறது. நம் கடைக்காரர் விதி எதுவும் சொல்லவில்லை. டயரைக் கையில் வாங்கியதுமே, “இது லேடீஸ் வண்டிது” என்று திருப்பிக் கொடுத்தார்.

கணக்கதிகாரம்

வண்டியோடு வந்த முன்பல் சக்கரத்தில் 44 பல். பின்னால் ஆறு கியர். மிகச் சிறியதில் 14 பல், மிகப் பெரியதில் 28. 44-ஐ 14-ஆல் வகுத்துப் பார்த்தேன். 22/7 வந்தது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித் தந்த அதே பை, இத்தனை ஆண்டுகளாகச் செயினுக்கடியில் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தின் சுற்றளவுக்கு ஒரு பை, கியருக்கு ஒரு பை. ஆக, ஒரு மிதிக்கு வண்டி போகும் தூரம் பையின் வர்க்கத்தைச் சக்கர விட்டத்தால் பெருக்கியது. 26 அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர். சமதரையில் இது பறப்பதற்குச் சமம். ஏரிக்கரையில் இது முழங்காலுக்குத் தீங்கு.

கடைக்காரர் பையின்மேல் பற்றில்லாதவர். சின்னப்பிள்ளைகளின் கியர் சைக்கிள் ஒன்றிலிருந்து 32 பல் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார். 32-க்கு 28 என்றால் ஒரு மிதிக்கு இரண்டேகால் மீட்டருக்குச் சற்று மேல். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் இறங்கித் தள்ள வேண்டாம். நம் இலக்கணப்படி அந்தக் கணமே ஏரிக்கரை மலையென்னும் தகுதியை இழந்தது. மலையேறும் சைக்கிளின் இறுதி இலக்கு மலைகளை ஒழிப்பதே என்பது இதனால் பெறப்படும்.

ரிம்முக்குக் கோட்டம் எடுத்தது, பால்ஸ் மாற்றிக் கிரீஸ் வைத்தது, இடது பெடலை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறுக்கியது ஆகியவை விரிவஞ்சி விடுக்கப்படுகின்றன.

மெய்ப்பாடு

இனிதான் ஆய்வின் உயிர். நாற்பது தாண்டிய ஒருவர் பிரம்மதேசத்திலிருந்து எண்ணாயிரம் பக்கம் சாதாரணச் சைக்கிளில் போனால் வழியில் கேட்கப்படும் கேள்விகள் மூன்றே. ‘பைக் ரிப்பேரா?’ ‘சுகர் எவ்ளோ?’ ‘டாக்டர் சொன்னாரா?’ சைக்கிள் ஓட்டுவதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் கெட்டதாகவும் இருக்கவேண்டும்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். இளிவரலுக்கு அவர் தரும் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. ஊரார் அந்த நான்கையும் வரிசை மாறாமல் நம்மீது பொருத்திப் பார்க்கிறார்கள். ‘வயசாயிடுச்சு’, ‘சுகரு’, ‘பாவம், கடன்ல வண்டிய வித்துட்டாரு போல’, ‘மூச்சு வாங்குது பாரு’. தொல்காப்பியம் படிக்காத ஊரில் இவ்வளவு பிசகாத மெய்ப்பாட்டியல் அறிவு வியப்புக்குரியது.

பெண்களுக்கு நேர்ந்தது வேறு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் நாளில் 1500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள். அது பெருமிதம், அதற்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கில் கல்வியும் தறுகண்மையும் அடங்கும். சைக்கிள் ஒன்றே, ஏறியவருக்கும் பார்ப்பவருக்கும் தக்கபடி மெய்ப்பாடு மாறுகிறது.

ஆய்வு வண்டி தெருவில் இறங்கிய அன்று நடந்தது இதுவரை ஆய்வுலகம் பதிவு செய்யாதது. மொட்டை வண்டி. மட்கார்டு இல்லை. முன்டயர் கறுப்பு, பின்டயரில் பழுப்புப் பட்டை. ஒரு பக்கப் பெடல் பிளாஸ்டிக், மறுபக்கம் ரப்பர்க் கட்டை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சர்க்கரை அளவைக் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்கள். “இன்னா வண்டி சார் இது?” என்றார் ஒருவர். இதுவே மருட்கை. அது பிறக்கும் நான்கில் முதலாவது புதுமை. வண்டி வினோதமாக இருந்தால் கேள்வி வண்டிமேல் விழுகிறது, ஓட்டுபவன்மேல் விழுவதில்லை. ஊர் வண்டியை வியந்துகொண்டிருக்கும் அந்த இடைவெளியில் அவன் தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம். கைகளால் பூட்டிய சைக்கிளின் பயன் இதுதான் என்பது என் துணிபு. கியரும் டயரும் இதற்குத் துணைக்காரணங்கள்.

அச்சத்துக்கும் குறைவில்லை. அது பிறக்கும் நான்கில் விலங்கும் ஒன்று. தெருநாய்களைத் தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்கிறார். நாய்கள் பைக்கை விட்டுவிட்டுச் சைக்கிளையே துரத்துவதன் காரணம் தனி ஆய்வுக்குரியது. கீழே விழும் அச்சமும் உண்டு. உருளும் சைக்கிள் ஏன் விழாமல் நிற்கிறது? சுழலும் சக்கரத்தின் கைரோ விசை என்றும், முன்சக்கரம் பின்னிழுபட்டு ஓடும் அமைப்பு என்றும் நூறாண்டாகச் சொல்லிவந்தார்கள். 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு குழு இரண்டையும் நீக்கிய சைக்கிளைச் செய்து உருட்டிக் காட்டியது. அப்போதும் அது விழவில்லை. எதனால் என்று ஒற்றை வரியில் இன்னும் சொல்ல முடியவில்லை. “பயப்படலன்னா உழாது சார்” என்பது நம் கடைக்காரர் கருத்து. ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றியவர்களைப் பார்த்து வளர்ந்தவர். அவர்கள் வண்டியிலேயே குளித்தார்கள், சாப்பிட்டார்கள், தலையில் டியூப்லைட் உடைத்துக்கொண்டார்கள்.

ஏரிக்கரைக்கு மேல் ஏறியதும் கரை நெடுகப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பயிர். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினால் பிரீவீல் கிடுகிடுவென்று பாடும். அப்போது உவகை பிறக்கிறது. உவகைக்கும் நான்கு: செல்வம், புலன், புணர்ச்சி, விளையாட்டு. முதலாவது செலவாகிவிட்டது, மூன்றாவது இங்கே பொருந்தாது. எஞ்சியவை புலனும் விளையாட்டும். குரங்குப் பெடல் போட்ட வயதில் விளையாட்டு ஒன்றே இருந்தது, அதற்குப் பெயர் சூட்ட ஆளில்லை. பாருக்குக் கீழே காலை விட்டு, இடுப்பை ஒடித்து, எதிரே ஒன்றும் தெரியாமல் ஓட்டியவனிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளராக அமைந்தவர் ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியம்மா. வண்டியை மேலும் கீழும் பார்த்தார். கியரைப் பற்றிக் கேட்கவில்லை. டயரின் தசமத்தைக் கேட்கவில்லை.

“கேரியர் எங்கடா?”

“இதுக்குக் கேரியர் கெடையாது பெரியம்மா.”

“அப்ப புல்லுக்கட்ட எங்க வெப்ப? உன் பொஞ்சாதிய எங்க குந்த வெப்ப? ஸ்டாண்டும் இல்லியே, எங்க நிறுத்துவ?”

வண்டி அப்போது வேப்பமரத்தில் சாய்ந்திருந்தது. மாரின் மாவட்டச் சான்றுகளை எடுத்துரைக்க முயன்றேன். அவர் கதிர் அரிவாளைக் கையில் வைத்திருந்ததால் விவாதம் நீளவில்லை. திருத்தங்களுடன் ஏற்கலாம் என்று தீர்ப்பானது. திருத்தம் இப்போது கடையில் நடக்கிறது. இலேசான அலுமினியக் கேரியர் போதும் என்பது என் நிலைப்பாடு. பால்காரர் வண்டியிலிருந்து கழற்றிய இரும்புக் கேரியர்தான் கட்டுத் தாங்கும் என்கிறார் கடைக்காரர். அதைப் பூட்ட, பின் அச்சுக்கு நீளமான போல்ட்டு வேண்டுமாம். அதற்காக நாளை மறுபடி புதுச்சேரிக்கு.