தொட்டிச் சுறா வளர்ப்பாளர்

தமிழக நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காணப்படும் மாந்தர் வகைகளுள் தொட்டிச் சுறா வளர்ப்பாளர் தனித்து ஆராயத்தக்கவர். இவரிடம் இருப்பது உண்மையில் சுறா அன்று. வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலும் பிற ஊர்க் கடைகளிலும் ‘ஷார்க்’ என்று விற்கப்படும் அம்மீன், தென்கிழக்காசியாவின் மீக்கோங், சாவோ பிரயா ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட பங்காசியஸ் என்னும் கெளுத்தி வகையைச் சேர்ந்தது. முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்பதைத் தவிர அதற்கும் சுறாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. விரல் நீளக் குஞ்சாகப் பிளாஸ்டிக் பையில் வீடு வந்து சேரும் இது, இடமும் தீனியும் வாய்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டி 40 கிலோ வரை வளரக்கூடியது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. “தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்” என்ற ஒரே வாக்கியத்தில் வியாபாரம் முடிந்துவிடுகிறது.

அவ்வாக்கியத்தை முழுப் பொய்யென்று தள்ளவும் இயலாது. இடம் குறுகி நீரும் கெட்டால் மீனின் வளர்ச்சி குன்றத்தான் செய்யும், ஆனால் அது நோயின் அடையாளமேயன்றி மீனின் பெருந்தன்மை அன்று. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை வடிகட்டியில் குடியேறிய நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவதை நைட்ரஜன் சுழற்சி என்பர். குஞ்சின் கழிவுக்குப் போதுமான வடிகட்டி முழ நீள மீனின் கழிவுக்கு ஈடுகொடுக்காதாகையால், எஞ்சிய சுழற்சியை ஞாயிறுதோறும் இரண்டு வாளிகளைக் கொண்டு வளர்ப்பாளரே நிறைவேற்றுகிறார்.

மீனுக்கு இவர் இடும் பெயர் பெரும்பாலும் ‘டைசன்’ என்பதாக இருக்கும். டைசனோ, கூட்டமாக வாழப் பிறந்து தனியே அடைக்கப்பட்டதால், டியூப்லைட்டைப் போட்டாலே பதறிப்போய்க் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்ளும் பரம சாது. அது துள்ளும்போது மூடி பறந்துவிடாதிருக்க அதன்மேல் அம்மிக்குழவி ஒன்று வைக்கப்பட்டிருப்பதையும், விருந்தினர் அமர்ந்தபின் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாதென்று வீட்டில் சட்டம் இருப்பதையும் கண்டே இவ்வகை இல்லத்தை அடையாளம் காணலாம். மூன்றடித் தொட்டியில் மீன் திரும்புவதற்கு உடலை வில்லாக வளைக்க வேண்டிய நிலை வரும்போது, “அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்” என்று மனைவி அறிவிக்க, வளர்ப்பாளர் பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதில்தான் நெருக்கடி முற்றுகிறது.

இக்கட்டத்தில் ஆலோசகர்கள் பெருகுகின்றனர். ஏரியில் விட்டுவிடலாம் என்பார் ஒருவர். கோயில் குளத்தில் விட்டால் புண்ணியமும் சேரும் என்பார் மற்றொருவர். ‘டேங்க் கிளீனர்’ எனப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி இத்தகைய புண்ணியவான்களின் கைகளாலும் தமிழக நீர்நிலைகளில் பரவி, கரைகளைத் துளைத்தும் மீனவர் வலைகளைக் கிழித்தும் வருவதை வளர்ப்பாளர் அறிவார். இவ்வொரு விஷயத்தில் இவர் போற்றத்தக்கவரே என்று சொல்லியாக வேண்டும்.

எனவே அவர் வாங்குவோரைத் தேடுகிறார். அங்கேதான் பேரதிர்ச்சி காத்திருக்கிறது. வியட்நாமில் பெருமளவில் வளர்க்கப்பட்டு, முள்ளில்லாத் துண்டங்களாக உலகெங்கும் ஏற்றுமதியாவதும், ஆந்திரக் குளங்களில் வளர்ந்து நம் சந்தைகளுக்கு வருவதும், ‘பாசா’ என்ற பெயரில் உணவகங்களில் வறுபடுவதும் பெரும்பாலும் டைசனின் இனமே. கல்யாண ரிசப்ஷன்களில் தாம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மீன் விரல்கள் எவருடையவை என்பதை அன்றிரவு அவர் உணர்கிறார். அது முதல் விசாரிப்போரைத் தரம் பிரிக்க அவரிடம் ஒரே அளவுகோல்தான்: எத்தனை அடி என்று கேட்பவர் வளர்ப்பவர், எத்தனை கிலோ என்று கேட்பவர் குழம்பு வைப்பவர். அடியையும் கிலோவையும் சேர்த்துக் கேட்பவரிடம் மீன் விற்றுப்போயிற்று என்று சொல்லப்படுகிறது. மீனுக்கு அவர் ஒரு காசும் கேட்பதில்லை; ஆனால் தொட்டி, ஸ்டாண்டு, காற்றுப் பம்பு ஆகியவற்றின் விலையில் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னாலும் அவரது முகம் மாறிவிடும்.

இறுதியில் செங்குன்றத்துக்கு அப்பால் குளம் வைத்திருக்கும் பண்ணைக்காரர் ஒருவர், அனுபவசாலியாகையால், எடையைப் பற்றிப் பேசாமலேயே மீனை வாங்கிக்கொள்கிறார். பின்னர் வரும் வீடியோக்களில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற நூற்றுக்கணக்கான மீன்கள் தீனிக்கு வாய் பிளக்கும் காட்சியில், இடமிருந்து மூன்றாவதுதான் டைசன் என்று வளர்ப்பாளர் உறவினர்க்கெல்லாம் சுட்டிக்காட்டுகிறார். வாரந்தோறும் தொலைபேசியில் அவன் எப்படி இருக்கிறான் என்று அவர் விசாரிப்பதும், வலை இழுத்து லோடு ஏற்றிய நாளிலும்கூடப் பண்ணைக்காரர் “போன வாரத்துக்கு இப்ப நல்லாவே தேறிட்டான் சார்” என்று மரியாதையாகப் பதில் சொல்வதும் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன.