ரேடாருக்கு மேடா, பள்ளமா?

உல்லாசப் படகு வாங்கியவருக்கு மீனும் காற்றும் இரண்டாம் பட்சம். ரேடாரை எங்கே மாட்டுவது என்பதுதான் முதல் கவலை. பாய்மர உச்சியில் மாட்டினால் தூரம் தெரியும். ஆனால் படகுக்குத் தலைக்கனம் ஏறும், பழுதானால் ஐயா கம்பம் ஏற வேண்டும். பின்பக்கத் தூணில் மாட்டினால் கைக்கு எட்டும். பாய்மரம் குறுக்கே நின்று முன்னால் வருவதில் கொஞ்சம் மறைக்கும். 3 மீட்டர் உயரத்தில் ரேடாரின் அடிவானம் 4 கடல் மைலுக்குள். 12 மீட்டருக்கு ஏற்றினால் 8 மைலுக்குள். நாலு மடங்கு ஏறினால் இரண்டு மடங்கு பார்வை. திருமலைக்குப் படியேறுகிறவர்கூட இந்தப் பேரத்துக்கு ஒப்பமாட்டார்.

கடல் வாடையே படாத சித்தூர்ச் சீமையில் இந்தக் கவலையைத் தலைகீழாகத் தீர்த்திருக்கிறார்கள். திருப்பதி பக்கத்துக் காதங்கியில் 1990களிலிருந்து ஒரு ராட்சத ரேடார் இயங்குகிறது: 53 மெகாஹெர்ட்ஸ், 1024 யாகி ஆன்டெனாக்கள், 130 மீட்டர் சதுரத்தில். இன்று அது தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் வசம். சுற்றிலும் இத்தனை மலை இருந்தும், எந்த உச்சியையும் தேடாமல், மலைகள் வளைத்த தாழ்வான நிலத்தில் விரித்துப் போட்டார்கள். அது பார்ப்பது அண்ணாந்து, மேலே வீசும் காற்றை. பக்கவாட்டிலிருந்து வரும் எதிரொலியும் இரைச்சலும் அதற்குத் தொல்லை. மலைகள் இலவச மதில்.

படகுக்காரர் காசு கொடுத்துத் தேடும் அடிவானத்தை இவர்கள் மலை வைத்து மறைத்துக்கொண்டார்கள். கம்பம் ஏறும் வேலையும் மிச்சம்.